சும்மா ஓடும் படம்

எங்கள் அலுவலகத்தில் காற்றைப் பங்கு போடுகிறோம். சொன்னால் சிரிப்பீர்கள், அதற்குத்தான் சம்பளம் வருகிறது என்பதால் நான் சிரிப்பதில்லை. ஒரு செல்போன் டவர் இவ்வளவுதான் சுமக்கும் என்று ஒரு அளவு உண்டு. சாயங்காலமானால் அதன் கீழே இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனைக் கையில் எடுக்கிறார்கள். ஒருவருக்குப் பேச வேண்டும், ஒருவருக்கு முகம் பார்த்துப் பேச வேண்டும், ஒருவருக்கு சினிமா பார்க்க வேண்டும், இன்னொருவருக்கு எதையோ டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் கேட்டதைக் கொடுக்கப் போனால் யாருக்கும் எதுவும் உருப்படியாகப் போய்ச் சேராது. அதனால் யாருக்கு எவ்வளவு, யார் காத்திருக்கலாம், யாரைக் காக்க வைக்கவே கூடாது என்று முன்கூட்டியே விதி எழுதி வைக்கிறோம். அந்த விதிகளை எழுதும் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு.

அந்த அறையில் பேச்சுதான் செல்லப்பிள்ளை. குரல் மட்டும் போகிற அழைப்பு கொஞ்சம்தான் சாப்பிடும். ஆனால் துளி தாமதமானாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆகவே அதற்கென்று எப்போதும் ஓர் இடம் காலியாகவே இருக்கும், வேறு யாரும் உட்காரக் கூடாது. சினிமா பார்ப்பவருக்குக் கொஞ்சம் முன்னதாகவே அனுப்பி வைத்துவிட்டால் நடுவில் நிறுத்தினாலும் தெரியாது. டவுன்லோடு என்பது வாயில்லா ஜீவன், எவ்வளவு நேரமானாலும் வாசலில் நிற்கும். வீடியோ கால்தான் தலைவலி. நிறையவும் தின்னும், காத்திருக்கவும் செய்யாது.

குரல் என் பொறுப்பு. வீடியோ என் எதிர்மேசைக்காரனின் பொறுப்பு. அவனை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கையில் கொடுத்தாலும் எங்கே வெட்டலாம் என்றுதான் முதலில் பார்ப்பான். அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கையும் அவனிடம்தான் கொடுப்போம். சண்டை வராதபடி வெட்டுவான். கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு மனம் வராமல் போகலாம்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் அவனோடு சைகை மொழியை முழுதாகக் கற்றுக்கொண்டவள் நான் ஒருத்திதான். அந்த மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைப்பார்கள், விரலால். மூக்கு நுனியை ஒரு விரலால் தொட்டால் அது நான். என் கோபம் எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறதாம். சின்ன வயதில் அவன் வைத்த பெயர். மறுத்துச் சண்டை போட்டேன், அதனாலேயே நிலைத்துவிட்டது.

அவன் வேறு ஊரில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அரட்டை அடிக்காத ஆள் என்று சூப்பர்வைசருக்கு அவன்மீது பிரியம். காதல் கல்யாணம், மனைவி காது கேட்பவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் அவர்கள் மகளும் என் வீட்டில் என்னோடு இருக்கிறார்கள். மகளுக்கு நாலு வயது. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு அப்பா வைத்த பெயரும் அதுதான்: இடுப்புக்குப் பின்னால் ஒரு விரலை நீட்டி ஆட்டுவான்.

தம்பி மனைவிக்குப் பிற்பகல் டியூட்டி. மதியம் கிளம்பினால் குழந்தை தூங்கிய பிறகுதான் திரும்புவாள். தொழிற்சாலையில் வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து, குளித்து, விடுதியில் தன் மேல்கட்டிலுக்கு ஏறியதும் தம்பி வீடியோவில் கூப்பிடுவான். அதற்குப் பிறகு வாலு தூங்கும்வரை இருக்கும் கொஞ்ச நேரம்தான் அப்பாவுக்கும் மகளுக்கும். சரியாக ஊரே போனை எடுக்கிற நேரம்.

வாலு வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசியவள். பால் வேண்டும் என்பதை முதலில் விரல்கள்தான் கேட்டன. வீடியோவில் அப்பாவுக்குத் தினமும் ஒரு கதை சொல்வாள். தெருநாய் பூனையைத் துரத்தியது, பூனை சுவர் ஏறிவிட்டது, நாய் சாக்கடையில் விழுந்தது. நாய் விழுகிற இடத்தில் தானே தரையில் விழுந்து காட்டுவாள். அங்கே அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். இவள் பேசவே மாட்டேன் என்கிறாள் என்று பாலர் பள்ளி டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். அவள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மூக்கு நுனி.

ஒரு சாயங்காலம் படம் நின்றது. தம்பியின் கை காற்றில் உயர்ந்த இடத்தில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த படம் வந்தபோது கை மடியில் இருந்தது. நடுவில் அவன் சொன்னது என்ன என்பது போயே போய்விட்டது. நீங்களும் நானும் பேசும்போது படம் நின்றால் நஷ்டமில்லை, குரல் வந்துகொண்டிருக்கும், பேச்சு தொடரும். சைகையில் சொல் என்பதே கை போகிற வழிதான். தொடக்கத்தையும் முடிவையும் காட்டிவிட்டு நடுவைப் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. வாலு அப்பாவின் முகத்தைத் தட்டிப் பார்த்தாள், அதாவது போனை.

அன்றோடு போகவில்லை. மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும் அதேதான். அவன் போனை மாற்றினான். மொட்டைமாடிக்குப் போனான். ஒருநாள் பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய் அங்கே தெருவிளக்கின் கீழே நின்று கூப்பிட்டான். எல்லா இடத்திலும் முதலில் நன்றாக ஓடியது, சற்று நேரத்தில் நின்று நின்று வந்தது. விடுதிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே டவரில் தொங்குகிறார்கள், நெரிசல்தான் காரணம் என்று நானும் நினைத்தேன். என் வேலையே அதுதானே என்று அலுவலகத்தில் அந்த டவரை எடுத்துப் பார்த்தேன். நெரிசல் உண்மைதான். ஆனால் அந்த நெரிசலிலும் அந்த டவரில் குரல் அழைப்பு ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. முந்தைய மாதங்களைவிட வெண்ணெயாக ஓடியது. எனக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிற மாதிரியான ஓட்டம்.

எங்கிருந்து வந்தது அந்தச் செழிப்பு என்று தேடிப் போனபோது கத்தரியின் புதிய விதி அகப்பட்டது. அவன் அதற்கு வைத்திருந்த பெயர்: சும்மா ஓடும் படம்.

அவன் கண்டுபிடித்தது இதுதான். நிறைய வீடியோ கால்களில் யாரும் பேசுவதில்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுகிறார்கள். காதலர்கள் அழைப்பைத் துண்டிக்காமலே தூங்கிப்போகிறார்கள். ஒரு முனையில் குழந்தை தூங்கும், மறுமுனையில் தாய் வேலை பார்ப்பாள். படம் மட்டும் டவரின் தோளில் உட்கார்ந்து சவாரி செய்துகொண்டிருக்கும். ஆகவே டவரில் நெரிசல் வரும்போது, வீடியோ காலில் இரண்டு பக்கமும் பேச்சு கேட்கவில்லையென்றால் அங்கே ஆளில்லை என்று வைத்துக்கொள். படத்தை அவ்வப்போது ஒன்று என்ற கணக்கில் அனுப்பு. மிச்சத்தைப் பிடுங்கிக் குரலுக்குக் கொடு. பேச்சு கேட்ட மறுகணம் படத்தைப் பழையபடி ஓடவிடு. கேட்டால் யாருக்கும் தலையாட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும், தம்பியின் கை காற்றில் நிற்பதைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஆக, என் தம்பியின் வாயில் இருந்ததைப் பிடுங்கி என் தட்டில் போட்டிருக்கிறார்கள். அதை வைத்து என் பிரிவுக்குப் பாராட்டும் வந்திருக்கிறது.

கத்தரியிடம் போனேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"பேசாம யாரு வீடியோ கால் போடுவாங்க?"

"என் தம்பி போடுவான்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் தொங்கிப்போயிற்று. இதை யோசிக்கவே இல்லை என்றான். எப்படிச் சோதித்தாய் என்று கேட்டேன். அலுவலகத்து ஆட்களை வீடியோவில் பேசச் சொல்லிப் பதிவு செய்து சோதித்தார்களாம். ஒரு பேச்சுகூட வெட்டுப்படவில்லையாம். எங்கள் அலுவலகத்தில் காது கேளாதவர் ஒருவரையும் வேலைக்கு வைத்ததில்லை என்பதை அந்தச் சோதனை மிக நன்றாக நிரூபித்திருக்கிறது என்று சொன்னேன். தானாக விதியைத் தொட அவனுக்கு அதிகாரம் இல்லை, மேலாளரிடம் போக வேண்டும்.

மேலாளருக்கு எதைச் சொன்னாலும் நல்ல பாயிண்ட் என்று ஆரம்பிக்கிற பழக்கம். கட்டிடத்தில் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னாலும் நல்ல பாயிண்ட் என்பார். நான் சொன்னதும் நல்ல பாயிண்ட்தான். ஆனால் இப்படிப்பட்டவர்கள் மொத்த வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் இருப்பார்கள், விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார். எண்ணிவிட்டீர்களா என்றேன். மழுப்பினார். காது கேளாதவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் எனக்கும் காது கேட்காது என்று வந்து நிற்பார்கள் என்றார். நல்ல படத்துக்காக ஊரே செவிடாகிவிடும் என்று நம்புகிற ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். விதியை எடுத்தால் குரல் அழைப்புகள் பழையபடி அறுபடும், அது உங்கள் பிரிவுக்கே கெட்ட பெயர் என்றும் நினைவூட்டினார், என்மீது அக்கறை இருப்பதுபோல. அடுத்த மாற்றத்தில் பார்க்கலாம் என்று முடித்தார். கதவுவரை வந்தபின் பின்னாலிருந்து ஒரு யோசனையும் தந்தார்.

"அதுவரைக்கும் ஏதாவது சத்தம் மட்டும் குடுக்கச் சொல்லுங்களேன். சத்தம் இருந்தாப் போதும்ல?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சம்பளம் வாங்குகிற வாய், திரும்ப மூடிக்கொண்டது.

அவமானத்தை ஓர் ஓரமாக வைத்துவிட்டு அதையும் செய்து பார்த்தோம். போனுக்குப் பக்கத்தில் டிவியை அலறவிட்டேன். பலிக்கவில்லை. சுற்றுப்புறச் சத்தத்தை வடிகட்டிவிட்டு, பக்கத்தில் பேசும் மனிதக் குரலை மட்டும் எடுத்துக்கொள்வதில் இந்தக் காலத்துப் போன்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிறகு தம்பி செய்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே செய்தான்.

என் தம்பிக்குக் குரல் உண்டு. சின்ன வயதில் அதை வைத்துக் கத்துவான், அழுவான், என்னைக் கூப்பிடுவான். தெருப் பிள்ளைகள் அதைக் கேட்டு அதேபோலக் கத்திக் காட்டிச் சிரித்த நாளிலிருந்து வாயை இறுக மூடிக்கொண்டவன். மனைவியே அவன் குரலைச் சரியாகக் கேட்டதில்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் மகளுக்காக விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, வாயைத் திறந்து குரல் கொடுத்தான். நீளமாக, மேலும் கீழும் போகிற ஒரு குரல். எனக்கு அது அவன் என்னைக் கூப்பிடுகிற குரல். படம் அசையவில்லை. மறுநாள் கத்தரியிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: அது பேச்சு மாதிரி இல்லாததால் எந்திரம் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டதாம்.

அன்று அழுதேன். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலுக்குப் பங்கு போட்டேன்.

கடைசியில் மிஞ்சியது என் வாய்தான். சாயங்காலங்களில் போனை மேசையில் நிறுத்தி, வாலுவை அதன் எதிரே உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தேன். வானிலை, விபத்து, வாடகைக்கு வீடு, எதுவாக இருந்தால் என்ன. நான் படித்துக்கொண்டிருக்கும்வரை தம்பியின் கைகள் தண்ணீராக ஓடின. மூச்சுவிட நிறுத்தினால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நின்றன. அவர்கள் பேசுவது ஒன்றும் எனக்குத் தெரியாது, கண் செய்தித்தாளில் இருக்கும். கேட்கிறவர் யாருமில்லாத இடத்தில் தொண்டை வறளப் படிப்பதற்கும் ஒரு பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

வாலு பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தை பேசினால் அப்பா அசைகிறார், அத்தை நிறுத்தினால் அப்பா நின்றுவிடுகிறார். நாலு வயதுக்கு இது போதும். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கப் போகிறதே என்று நான் எழுந்து ஓடினேன். திரும்பி வந்தால் படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வாலு போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்த எண்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் கண் மின்னியது.

"அத்தை, நானே ஓட்டுறேன்."

அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்? எனக்கும் அலுவலகத்தில் வேலை நீண்டுபோகிற நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் பக்கத்து வீட்டம்மா போனை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவளே பார்த்துக்கொண்டாள். எண்கள் தீர்ந்தால் பழங்களின் பெயர், அதுவும் தீர்ந்தால் டீச்சரிடம் வாங்கிய திட்டு. வாய் திறக்காத பிள்ளை என்று புகார் சொன்ன டீச்சர் இப்போது வாயை மூடவே மாட்டேன் என்கிறாள் என்று சிரித்தார். ரொம்ப முன்னேற்றம் என்றார்.

வாயும் கையும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யக் குழந்தைக்கு வராது. பெரியவர்களுக்கே வராது. முதலில் கதையிலிருந்து பூனை போயிற்று, பிறகு சுவர் போயிற்று. பிறகு கைகள் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே ஆயின, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமே. திரையில் அப்பா அழகாக, தடையில்லாமல் ஓடினார். அவர் சொன்னதை அவள் பார்த்தாளா என்றால், ஓடுகிறாரா என்று பார்த்தாள்.

தம்பிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆரம்பத்திலேயே நான் எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். இருந்தாலும் ஒருநாள் அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டான். மூக்கு நுனியைத் தொட்டான். அவளுடைய வாய் எப்போது பார்த்தாலும் அசைகிறதே, என்னிடம்தான் பேசுகிறாளா என்று கேட்டான். நான் செய்தித்தாளைப் படிக்கிற குரலில் ஏதோ உளறியபடியே, ஆமாம், உன்னிடம்தான் என்று கையால் சொன்னேன். அவன் என் கையைப் பார்த்தானா, முகத்தைப் பார்த்தானா தெரியவில்லை. சரி என்றான்.

அலுவலகத்தில் நான் சும்மா இருக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது மேலாளரின் நல்ல பாயிண்டை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கத்தரியும் என்னோடு நின்றான், அதை மறைக்கக் கூடாது. கடைசியில், காது கேளாதவர்களின் எண்களைப் பதிந்துகொண்டு அந்த எண்களுக்கு மட்டும் இந்த விதியைப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்காகும் இடத்தை என் குரல் பங்கிலிருந்தே கொடுத்தேன். ஒரு அழைப்புகூட அதனால் அறுபடவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் இத்தனை இழுபறி.

அத்தோடு விட்டார்களா? விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் அம்மணி வந்தாள். உங்கள் தம்பியையும் அந்தக் குழந்தையையும் படமெடுத்துக்கொள்ளலாமா, கம்பெனி செய்த இந்த நல்ல காரியம் ஊருக்குத் தெரிய வேண்டாமா என்று குழைந்தாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நன்றாகக் காது கேட்கிற ஓர் ஆணையும் ஒரு குழந்தையையும் வைத்துப் படமெடுத்து லிப்ட் பக்கத்தில் மாட்டினார்கள். அந்த ஆள் கையை வைத்துக்கொண்டு காட்டுவது எந்தச் சொல்லும் இல்லை. தினமும் அதைத் தாண்டித்தான் மேசைக்குப் போகிறேன்.

விதிவிலக்கு வந்த அன்று சாயங்காலம் வாலுவிடம் சொன்னேன், இனிமேல் பேச வேண்டாம், அப்பா தானாகவே ஓடுவார், நீ கையால் பேசு என்று. அவள் நம்பவில்லை. பரிசோதிக்கிறவள்போல ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். படம் ஓடியது. அப்பா சிரித்துக்கொண்டே இடுப்புக்குப் பின்னால் விரலை ஆட்டினார். எங்கே நின்றுவிடுவாரோ என்ற பயத்தில் அவள் மறுபடியும் எண்களை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். நேரில் பார்த்தால் சரியாகிவிடும் என்று தம்பி மனைவி சொன்னாள். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

தம்பிக்கு ஆண்டு விடுப்பு கிடைத்தது. மிச்சமான இருக்கை உறையில் மகளுக்குத் தானே ஒரு சின்னப் பை தைத்துக்கொண்டு வந்திருந்தான். மனைவி பஸ் நிலையம் போய் அழைத்து வந்தாள்; அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, மதியம் டியூட்டிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். காலையில் என் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த வாலு அதற்குள் அப்பாவிடம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவன் மீசையை இழுத்தாள், தோளில் ஏறினாள், பையைத் திறந்து மூடித் திறந்தாள்.

அவன் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். விரலை ஆட்டி அவளைக் கூப்பிட்டான். அந்த நாய் இப்போது என்ன செய்கிறது, பூனையைப் பிடித்துவிட்டதா என்று கேட்டான். மெதுவாக, அழகாக, ஒவ்வொரு சொல்லையும் பிரித்து வைத்துக் கேட்டான். வாலு அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அத்தை, அப்பா என்ன சொல்றாரு?"

சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவள் உற்சாகமாகப் பதில் சொன்னாள், நாய், சாக்கடை, முனிசிபாலிட்டி வண்டி என்று பெரிய கதை. முழுவதும் வாயால். கைகள் இரண்டும் புதுப் பைக்குள் இருந்தன. அவன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்ப ஒருமுறை, இன்னும் மெதுவாகக் கேட்டான். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாலுவின் முகம் மாறியது. எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். அவன் கன்னத்தைத் தட்டினாள். வாயை அவன் முகத்துக்கு நேராக வைத்து எண்களைக் கத்த ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்தொண்டையில், கழுத்து நரம்பு புடைக்க. அவன் அசையவில்லை. அவள் கலங்கிப்போய் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அப்பா நின்னுட்டாரு. நான் கத்துறேன், ஓடவே மாட்டேங்கிறாரு."

தம்பி மூக்கு நுனியைத் தொட்டான். என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

வாழ்நாள் முழுவதும் அவனுக்கு ஊரின் பேச்சை நான்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். கடைக்காரன் செவிட்டுப் பயல் என்றால் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார் என்று மாற்றிச் சொன்னவள். பெண் கேட்கப் போன வீட்டில் அவர்கள் சொன்னதில் பாதியை முழுங்கியவள். இன்றைக்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்: நீ நின்றுவிட்டாயாம். கத்தினால் ஓடுவாயாம்.

அவன் என் கைகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு நிற்கிற முகம் அவளுக்கு.

பிறகு எழுந்து நின்றான். அவள் நான்கு என்று கத்தியதும் ஒரு கையைத் தூக்கினான். ஐந்து என்றதும் மற்றக் கையை. அவள் கத்தக் கத்தக் கைகளை வீசி, தலையை ஆட்டி, கூடம் முழுக்கக் குதித்தான். அவள் மூச்சுவாங்க நிறுத்தினாள். காது கேட்காதவன் அவள் வாயைப் பார்த்து அப்படியே, கை காற்றில் இருக்க, சிலையாக நின்றான். வாலு கைதட்டிச் சிரித்தாள். மறுபடியும் கத்தினாள், அவன் மறுபடியும் ஓடினான். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாயிற்று.

விடுப்பு முடியும்வரை அப்பாவும் மகளும் தினமும் அதையே விளையாடினார்கள். அவள் வாய் ஓயவில்லை. அவன் கைகள் ஆடிக்கொண்டே இருந்தன, அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.